குழந்தைகளின் வயிற்றுப்போக்கு வைரஸ்களை மரபணு வகை பிரிப்பது எப்படி: சேலம், ஏற்காடு மாதிரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டிலிருந்தோ ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்தோ மல மாதிரி எடுத்து, அதிலுள்ள வைரஸ் எந்த மரபணு வகை என்று சொல்ல வேண்டிய நுண்ணுயிரியல் மாணவர்களுக்கும் ஆய்வக நுட்பநர்களுக்கும் எழுதியது இது. பிசிஆர் கருவியை இயக்கத் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்கிறோம்.

வகை எண் தெரிந்தால் அந்தக் குழந்தைக்கான சிகிச்சை மாறாது. ஓஆர்எஸ், துத்தநாக மாத்திரை, தாய்ப்பால் எல்லாம் எந்த வகையானாலும் ஒன்றுதான். தடுப்பூசிக்குப் பிறகு ஊரில் எந்த வகை சுற்றுகிறது, ஒரு விடுதியில் பரவியதும் வார்டில் பரவியதும் ஒரே வைரஸா என்பதற்குத்தான் இந்த வேலை. எனவே முடிவுக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கவும் வேண்டாம், "இன்னும் இரண்டு நாளில் தெரிந்துவிடும்" என்று பெற்றோரிடம் சொல்லவும் வேண்டாம்.

பதிவேட்டில் "வகை தெரியவில்லை" என்று எழுதப்படும் மாதிரிகளில் பெரும்பாலானவை புதுவகை வைரஸ்கள் அல்ல. மாதிரி எடுத்த இடத்திலோ ஆர்என்ஏ பிரித்த மேசையிலோ ஏற்கனவே கெட்டுப்போனவை. கீழே படிகளின் வரிசையை வலியுறுத்துவது அதனால்தான்.

1. எந்த வைரஸில் எதைப் படிக்க வேண்டும்

ரோட்டா வைரஸின் மரபுப்பொருள் 11 துண்டுகளாக உள்ள இரட்டை இழை ஆர்என்ஏ. இரண்டு மரபணுக்களைத் தனித்தனியாகப் படிக்க வேண்டும். விபி7 மரபணு ஜி வகையைத் தரும், விபி4 மரபணு பி வகையைத் தரும். இரண்டையும் சேர்த்து ஜி1பி[8], ஜி2பி[4], ஜி3பி[8], ஜி9பி[8], ஜி12பி[6] என்று எழுதுவார்கள். துண்டுகள் வைரஸ்களுக்கிடையே இடம் மாறக்கூடியவை என்பதால், ஜி தெரிந்தால் பி இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கக் கூடாது.

நோரோ வைரஸ் ஒற்றை இழை ஆர்என்ஏ, சுமார் 7,500 காரங்கள் (மரபு எழுத்துகள்) நீளம். இங்கேயும் இரட்டைப் பெயர்தான்: உறைப்புரத வகை ஒன்று, பாலிமரேஸ் (ஆர்என்ஏவை நகலெடுக்கும் நொதி) வகை ஒன்று. ஜிஐஐ.4[பி16], ஜிஐஐ.3[பி12] என்பவை எடுத்துக்காட்டுகள். முதல் வாசிப்புச் சட்டமும் (பாலிமரேஸ் உள்ள பகுதி) இரண்டாம் வாசிப்புச் சட்டமும் (உறைப்புரதம் உள்ள பகுதி) சந்திக்கும் இடத்தில் இரண்டு வைரஸ்கள் பாதி பாதியாகச் சேர்ந்துகொள்வது வழக்கம். உறைப்புரதத்தை மட்டும் படித்தால் அந்தச் சேர்க்கை கண்ணுக்குத் தெரியாது.

ஆஸ்ட்ரோ வைரஸில் வழக்கமான 1 முதல் 8 வரையான வகைகள், சப்போ வைரஸில் மனிதரைத் தொற்றும் ஜிஐ, ஜிஐஐ, ஜிஐவி, ஜிவி குழுக்கள், அடினோ வைரஸில் எஃப் இனத்தின் 40, 41 வகைகள். அடினோ மட்டும் டிஎன்ஏ வைரஸ்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில். மாதிரி எடுத்த பிறகு அனுமதி கேட்டால் அந்த மாதிரிகளை வெளியிட முடியாது. பெற்றோரின் ஒப்புதல் படிவம் தமிழில், அவர்களுக்குப் புரியும் சொற்களில் இருக்கட்டும்.

பிறகு:

- அகன்ற வாய், திருகு மூடியுள்ள, கிருமிநீக்கிய மலக் குப்பிகள்
- நீரில் அழியாத மையுள்ள பேனா, குளிரில் உரியாத ஒட்டுச்சீட்டு
- ஜெல் பனிக்கட்டிகளும் வெப்பமானியும் உள்ள குளிர்ப்பெட்டி
- மைனஸ் 20 டிகிரி பெட்டி, நெடுநாளுக்கு மைனஸ் 70 அல்லது அதற்குக் கீழ்
- ரோட்டா எலிசா கிட் (வைரஸ் புரதத்தை நிறமாற்றத்தால் காட்டும் சோதனை), வைரஸ் ஆர்என்ஏ பிரிக்கும் கிட், ஆர்டி நொதி (ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுப்பது), பிரைமர்கள் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்)
- ஒவ்வொரு வகைக்கும் ஒரு பாசிட்டிவ் கண்ட்ரோல் (வகை முன்பே தெரிந்த மாதிரி)

கடைசி வரியைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஜி9 கண்ட்ரோல் இல்லாத ஆய்வகத்தில் ஜி9 வரவில்லை என்றால் அதற்குப் பொருளே இல்லை. பிரைமர் வேலை செய்யவில்லையா, வைரஸ் இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது. வகை தெரிந்த மாதிரியின் ஆர்என்ஏவை ஏதேனும் மேற்கோள் ஆய்வகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பெறுங்கள்.

மைனஸ் 20 பெட்டி, தானாகப் பனி உருக்கும் வீட்டு ரகமாக இருக்கக் கூடாது. அது தினமும் உள்ளே சூடேற்றிக்கொள்ளும், மாதிரி உருகி உருகி உறையும்.

3. எந்தக் குழந்தை, என்ன விவரம்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, 24 மணி நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் நீர்த்த மலம், தொடங்கி ஏழு நாளுக்குள். இந்த வரையறையை ஒரு தாளில் அச்சிட்டு வார்டில் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஆளுக்கொரு வரையறையில் மாதிரி சேரும்.

உள்நோயாளி என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு எடுத்தால், வார்டிலேயே பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒட்டிய வைரஸை ஊரில் சுற்றும் வைரஸ் என்று எண்ணிவிடுவோம். பச்சிளங்குழந்தைகள் பிரிவு மாதிரிகளைக் கணக்கில் தனியாக வையுங்கள். அங்கே சுற்றும் வகைகள் வேறாக இருக்கலாம். வேலூரில் பச்சிளங்குழந்தைகளிடம் ஜி10பி[11] பதிவாகியிருக்கிறது.

தடுப்பூசித் தேதியைத் தாயிடம் வாயால் கேட்டு எழுத வேண்டாம். தாய் சேய் நல அட்டையைப் பார்த்து எழுதுங்கள். அட்டை இல்லையென்றால் பிக்மி எண்ணை (அரசின் கர்ப்பகாலப் பதிவு எண்) வாங்கிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சரிபார்க்கலாம். தமிழ்நாட்டில் ரோட்டா சொட்டு மருந்து 2017 முதல் 6, 10, 14 வாரங்களில் தரப்படுகிறது. எத்தனை தவணை, எந்தப் பெயருள்ள மருந்து, கடைசித் தவணை எந்தத் தேதி என்ற மூன்றும் வேண்டும். ரோட்டாவேக் மருந்திலுள்ள 116ஈ வைரஸ் ஜி9பி[11] வகை. சொட்டு மருந்து கொடுத்துச் சில நாளே ஆன குழந்தையின் மலத்தில் ஜி9பி[11] வந்தால் அது மருந்தின் வைரஸாகவே இருக்கலாம். தேதி இல்லையென்றால் அதை "அரிய வகை கண்டுபிடிப்பு" என்று எழுதிவிடுவீர்கள்.

முகவரியில் மலைப்பகுதிக்கு ஒரு கூடுதல் கேள்வி வேண்டும்: கடந்த பத்து நாளில் குழந்தை எங்கே இருந்தது? காப்பி அறுவடை மாதங்களில் எஸ்டேட் வேலைக்கு வரும் குடும்பம் பிள்ளையை வாழப்பாடியில் பாட்டியிடம் விட்டுப் போவதும், திரும்பக் கூட்டிவருவதும் உண்டு. ரோட்டா சுமார் இரண்டு நாளில் வெளிப்படும், நோரோ அதற்கும் முன்பே. அடினோவுக்கு எட்டுப் பத்து நாள்கூட ஆகும். "ஏற்காடு" என்று மட்டும் எழுதினால் தொற்று மலையில் வந்ததா சமவெளியில் வந்ததா என்பது தொலைந்துபோகும்.

4. மலம் எடுப்பதும் மலையிலிருந்து இறக்குவதும்

5 மில்லி நீர்மலம் போதும், கெட்டியாக இருந்தால் ஒரு பெரிய பட்டாணி அளவு. சிறுநீர் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயப்பர் பெரிய எதிரி. உள்ளிருக்கும் உறிஞ்சும் பொருள் நீர்மலத்தை மொத்தமாகக் குடித்துவிடும், மேலே சளி மட்டும் மிஞ்சும். சுத்தமான பிளாஸ்டிக் தாளை டயப்பருக்குள் விரித்துக் கட்டச் சொல்லுங்கள். ஆசனவாய் ஸ்வாப் கடைசி வழிதான். அதில் வைரஸ் அளவு குறைவு, ஒரு முறை ஆர்என்ஏ பிரித்தாலே தீர்ந்துபோகும், மறுபரிசோதனைக்கு ஒன்றும் இருக்காது.

ஃபார்மலினோ வேறு பாதுகாப்புத் திரவமோ ஊற்ற வேண்டாம். ஒட்டுண்ணிப் பரிசோதனைக் குப்பிகளையே இதற்கும் எடுத்துக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஃபார்மலின் பட்ட ஆர்என்ஏ துண்டுதுண்டாகிவிடும்.

மலையில் எடுத்த குப்பியை உடனே 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து, அன்றே அல்லது மறுநாள் சேலத்துக்கு இறக்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியில் மலக்குப்பியை வைக்கக் கூடாது. அது தடுப்பூசிக்கு மட்டும். பெட்டி திறக்கும் ஒவ்வொரு முறையும் தடுப்பூசியின் வெப்பநிலையும் கெடும். தனிக் குளிர்ப்பெட்டிக்கு இடம் ஒதுக்கச் சொல்லிப் பொறுப்பு மருத்துவரிடம் முன்பே பேசிவைப்பது நல்லது.

குப்பியைக் கசியாத பையில் இட்டு, உறிஞ்சும் துணி சுற்றி, அதை இன்னொரு கெட்டியான டப்பாவில் வைத்து, பிறகு குளிர்ப்பெட்டிக்குள். கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் கடக்கும்போது தளர்ந்த மூடி கண்டிப்பாகக் கசியும். மழைக்காலத்தில் மண்சரிவால் மலைப்பாதை மூடப்பட்டால் குப்பனூர் வழியாக வர வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் பனிக்கட்டிகளை இரட்டிப்பாக வையுங்கள்.

நோரோவைத் தொட்ட கையை ஆல்கஹால் சானிடைசர் சுத்தமாக்காது. சோப்பும் நீரும்தான். சிந்தினால் புதிதாகக் கலந்த ஹைப்போகுளோரைட்.

5. பங்கு பிரித்தல், எலிசா

ஆய்வகத்துக்கு வந்ததும் முதல் வேலை பங்கு பிரிப்பது. ஒவ்வொரு மாதிரியையும் குறைந்தது மூன்று சிறு குழாய்களில்: ஒன்று எலிசாவுக்கு, ஒன்று ஆர்என்ஏவுக்கு, ஒன்று தொடாமல் வைப்பதற்கு. ஒரே குழாயை உருக்கி உறையவைத்து உருக்கினால் ஒவ்வொரு முறையும் வைரஸ் குறையும். "வகை தெரியவில்லை" பட்டியல் இங்கிருந்துதான் நீள ஆரம்பிக்கிறது.

எலிசா, ரோட்டாவின் விபி6 புரதத்தைத் தேடுகிறது. கிட்டில் "அறை வெப்பம்" என்று போட்டிருப்பதைச் சித்திரை மாதச் சேலத்தின் அறை வெப்பம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிட் சொல்லும் அளவு பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி. 35க்கு மேல் போனால் நெகட்டிவ் குழிகளிலும் நிறம் ஏறும். மார்கழியில் ஏற்காட்டில் ஏசி இல்லாமல் செய்தால் நேரெதிர்: நிறம் மெதுவாக ஏறும், பலவீனமான பாசிட்டிவ்கள் தவறும்.

பணம் இருந்தால் எல்லா மாதிரியிலும் ஐந்து வைரஸ்களையும் தேடுங்கள். ரோட்டா நெகட்டிவை மட்டும் நோரோவுக்குப் பார்ப்பது செலவைக் குறைக்கும், ஆனால் இரண்டும் சேர்ந்திருக்கும் குழந்தைகள் கணக்கிலிருந்து விழுந்துவிடும். அப்படிச் செய்தால் அதை அறிக்கையில் வெளிப்படையாக எழுத வேண்டும்.

6. ஆர்என்ஏ பிரித்தல்

10 சதவீதக் கரைசல்: 0.1 கிராம் அல்லது 100 மைக்ரோலிட்டர் மலம், 900 மைக்ரோலிட்டர் பிபிஎஸ் (உப்புத் தாங்கல் கரைசல்). வோர்டெக்ஸில் நன்றாகக் கலக்கி, 8,000 முதல் 10,000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி, மேல்தெளிவை மட்டும் எடுங்கள்.

நிறைய மலம் போட்டால் நிறைய வைரஸ் கிடைக்கும் என்று தோன்றும். கூடவே பித்த உப்புகளும் பல்சர்க்கரைகளும் ஏறி நொதியைக் கட்டிப்போடும். நெகட்டிவ் என்று வரும், ஆனால் வைரஸ் உள்ளேயே இருக்கும்.

கியாஆம்ப் வைரல் ஆர்என்ஏ மினி போன்ற கிட்டில் 140 மைக்ரோலிட்டர் மேல்தெளிவு, 560 மைக்ரோலிட்டர் ஏவிஎல் கரைசல் (வைரஸை உடைப்பது), அறை வெப்பத்தில் 10 நிமிடம், பிறகு 560 மைக்ரோலிட்டர் எத்தனால். முடிவில் 60 மைக்ரோலிட்டரில் இறக்குவது வழக்கம். கேரியர் ஆர்என்ஏவை (வைரஸ் ஆர்என்ஏ வீணாகாமல் காக்கும் துணை ஆர்என்ஏ) ஏவிஎல்லில் சேர்க்க மறந்தால் வைரஸ் குறைந்த மாதிரிகள்தான் முதலில் போகும். கடைசிக் கழுவலுக்குப் பிறகு காலியாக ஒரு முறை சுழற்றுங்கள். எத்தனால் மிச்சம் பிசிஆரைக் கெடுக்கும்.

அடினோவும் தேடுவதாக இருந்தால் டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியைச் சேர்க்காதீர்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் மலத்துக்குப் பதில் வெறும் பிபிஎஸ் உள்ள ஒரு குழாய் போகட்டும். எம்எஸ்2 ஃபேஜ் (பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்) போன்ற உள்கண்ட்ரோலை ஏவிஎல் கட்டத்தில் சேர்த்தால் நொதிக்குத் தடை இருக்கிறதா என்பது மாதிரி வாரியாகத் தெரியும்.

7. இரட்டை இழையைப் பிரிப்பது

ரோட்டாவில் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் படி இது. ஆர்என்ஏ இரட்டை இழையாக இருப்பதால் பிரைமர் ஒட்ட இடமே இல்லை. ஆர்டி நொதி சேர்க்கும் முன் 95 முதல் 97 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, உடனே பனிக்கட்டியில் குத்தி வையுங்கள். குறைந்தது இரண்டு நிமிடம். மேசையில் ஆறவிட்டால் இழைகள் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

கருவியை 97க்கு வைத்து, அது 4 டிகிரிக்கு இறங்கட்டும் என்று விட்டுவிடுவதும் பிழைதான். மெதுவான இறக்கம் போதாது. குழாயை எடுத்துப் பனியில் வையுங்கள்.

நோரோ, ஆஸ்ட்ரோவுக்கு இந்த அவசரம் இல்லை, ஆனால் செய்தால் கெடுதியும் இல்லை. ஒரே சிடிஎன்ஏவில் (ஆர்என்ஏவிலிருந்து படியெடுத்த டிஎன்ஏ) எல்லாவற்றையும் பார்க்க விரும்பினால் ரேண்டம் பிரைமருடன் எல்லாவற்றையும் சூடாக்கியே செய்யலாம்.

8. ரோட்டா: முதல் சுற்று, இரண்டாம் சுற்று

முதல் சுற்றில் மரபணுவின் பெரும் பகுதியைப் பெருக்குகிறோம். விபி7க்கு 9கான்1, 9கான்2 ஜோடி 904 கார இணைத் துண்டைத் தரும். விபி4க்கு கான்3, கான்2 ஜோடி 876. இரண்டாம் சுற்றில் ஒரு பொதுப் பிரைமரும், ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிப் பிரைமரும் ஒரே குழாயில். எந்த நீளத்தில் பட்டை வருகிறதோ அதுவே வகை.

9கான்1 உடன் ஜி வகைகள்: ஜி1 158, ஜி2 244, ஜி3 464, ஜி4 403, ஜி9 110.

கான்3 உடன் பி வகைகள்: பி[4] 483, பி[6] 267, பி[8] 345, பி[9] 391, பி[10] 583.

இணையத்தில் கிடைக்கும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து பிரைமர்களை எடுத்துக் கலப்பதுதான் ஆபத்து. ஆர்விஜி9 பிரைமரை வைத்து எழுதிய பழைய முறையில் ஜி1 749, ஜி2 652, ஜி3 374, ஜி4 583, ஜி9 306. அந்தத் தொகுப்பின் வகைப் பிரைமர்கள் எதிர்த் திசையில் ஓடுபவை. இதன் பொதுப் பிரைமரும் அதன் வகைப் பிரைமரும் சேர்ந்தால் பட்டையே வராது, வந்தாலும் அளவு எந்த அட்டவணைக்கும் பொருந்தாது. எந்தத் தொகுப்பு என்று குழாயிலேயே எழுதிவையுங்கள்.

இரண்டாம் சுற்றுக்கு முதல் சுற்றுக் குழாயைத் திறக்க வேண்டும். லட்சக்கணக்கான பிரதிகள் அந்தக் கணத்தில் காற்றில் ஏறும். எனவே கலவை தயாரிக்கும் அறை, ஆர்என்ஏ சேர்க்கும் அறை, பிசிஆர் முடிந்த பொருள் உள்ள அறை மூன்றும் தனி, நடப்பது ஒரே திசையில். மூன்று அறை இல்லாத கல்லூரி ஆய்வகத்தில் மூன்று தனிப் பெட்டிகள், தனித்தனிப் பிப்பெட்டுகள், தனிக் கோட்டுகள். அதையும் செய்ய முடியாதென்றால் நெஸ்டட் (இரண்டு சுற்று) முறையை விட்டுவிட்டு முதல் சுற்றுத் துண்டை நேராக வரிசை படிக்க அனுப்புவதே நல்லது. செலவு கூடும், முடிவு நம்பத்தகும்.

9. ஜெல்லை வாசிப்பது

2 சதவீத அகரோஸ், 100 கார இணை ஏணி (நீளம் தெரிந்த துண்டுகளின் வரிசை). ஜி3 (464), ஜி4 (403) இரண்டையும் கண்ணால் பிரிக்க ஜெல் போதுமான தூரம் ஓட வேண்டும். அரைகுறையாக நிறுத்தினால் பி[8] (345), பி[9] (391) குழப்பமும் சேரும்.

புரோமோபினால் நீலம் 2 சதவீத ஜெல்லில் 150 கார இணைக்கு அருகே ஓடும். அதன் நிழல் ஜி1, ஜி9 பட்டைகளின் மேலேயே விழும். ஆரஞ்சு ஜி சாயத்துக்கு மாறிவிடுங்கள். ஜி9இன் 110 பட்டையைப் பிரைமர் இரட்டை (பிரைமர்கள் தமக்குள் ஒட்டித் தரும் பட்டை) என்று ஒதுக்குவதும், பிரைமர் இரட்டையை ஜி9 என்று எழுதுவதும் இரண்டும் நடக்கின்றன. ஜி9 கண்ட்ரோலைப் பக்கத்திலேயே ஓட்டினால் சந்தேகம் தீரும்.

இரண்டு பட்டைகள் தெரிந்தால் இரண்டு வைரஸ்கள் இருக்கலாம், அல்லது பிசிஆர் பொருள் கலந்திருக்கலாம். தொடாமல் வைத்த மூன்றாம் குழாயிலிருந்து மறுபடி தொடங்கி அதே இரண்டும் வந்தால்தான் கலப்புத் தொற்று. பாலிஅக்ரிலமைடு ஜெல்லும் வெள்ளிச் சாயமும் உள்ள ஆய்வகம் ஆர்என்ஏவையே நேராக ஓட்டிப் பார்க்கலாம். ஏ குழு ரோட்டாவில் 4-2-3-2 என்ற அடுக்கில் பதினோரு கோடுகள், கலப்பு என்றால் கூடுதல் கோடுகள். பழைய முறைதான், மலிவு, இன்னும் பயனுள்ளது.

10. நோரோ, ஆஸ்ட்ரோ, அடினோ

நோரோவுக்கு முதலில் ஜிஐ, ஜிஐஐ பிரித்துச் சொல்லும் ரியல் டைம் பரிசோதனை. பாசிட்டிவானால் இரட்டை வகைக்கு: ஜிஐஐக்கு மான்431, ஜி2எஸ்கேஆர் ஜோடி 570 கார இணை, ஜிஐக்கு மான்432, ஜி1எஸ்கேஆர் ஜோடி 579. இந்தத் துண்டு சந்திப்பைக் கடந்து போவதால் ஒரே வரிசையில் இரண்டு வகையும் கிடைக்கும்.

நோரோ குணமான பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் வரும். சிடி அளவு (வைரஸ் தென்படத் தொடங்கும் பிசிஆர் சுற்றின் எண்) அதிகமாக, அதாவது வைரஸ் மிகக் குறைவாக இருந்தால், வயிற்றுப்போக்குக்கு அதுதான் காரணம் என்று எழுத வேண்டாம். சிடி எண்ணையும் பதிவேட்டில் சேருங்கள்.

ஆஸ்ட்ரோவுக்கு மான்269, மான்270: 449 கார இணை. வரிசை படித்தே வகை சொல்ல வேண்டும்.

அடினோவின் ஹெக்சான் பிரைமர்கள் தரும் 301 துண்டு எந்த அடினோவுக்கும் வரும். தொண்டையில் தங்கி மலத்தில் வரும் சி இனமும் அதில் அடக்கம். 301 பட்டையைப் பார்த்ததும் "40/41" என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. வரிசையோ எஃப் இனத்துக்கான தனிப் பிரைமரோ இல்லாமல் அதை எழுத முடியாது.

11. வரிசை படித்தலும் பெயரிடலும்

ஒற்றைப் பட்டை என்றால் நேராகச் சுத்திகரிக்கலாம். பல பட்டை என்றால் ஜெல்லிலிருந்து வெட்டி எடுங்கள். இரு திசையிலும் படிக்க வையுங்கள்.

வந்த வரிசையின் வரைபடத்தைத் திறந்து பாருங்கள், எழுத்துக் கோப்பை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு இடத்திலும் இரட்டை முகடுகள் என்றால் கலப்பு. இரு முனையிலும் பிரைமர் பகுதியை வெட்டி எறியுங்கள். அது நீங்கள் வாங்கிய பிரைமரின் வரிசை, குழந்தையின் வைரஸுடையது அல்ல.

ரோட்டாவில் விபி7, விபி4 இரண்டுக்கும் நியூக்ளியோடைடு ஒற்றுமை 80 சதவீதம் என்பது எல்லைக்கோடு. அதற்கு மேல் ஒத்திருந்தால் அதே வகை. பிளாஸ்ட்டில் (வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் கருவி) முதலில் வரும் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், தானியங்கி வகைபிரிப்புக் கருவியில் போட்டு, மேற்கோள் வரிசைகளுடன் மரபுமரமும் வரைந்து சரிபாருங்கள். ஜென்பாங்கில் (மரபு வரிசைகளின் பொதுக் களஞ்சியம்) பெயர் தவறாக எழுதப்பட்ட பதிவுகளும் இருக்கின்றன.

12. வகை தெரியாதவற்றை என்ன செய்வது

இந்த வரிசையில் போங்கள். வரிசை மாறினால் காசும் மாதிரியும் வீண்.

முதலில் ஆர்என்ஏவைப் பத்துக்கு ஒன்றாக நீர்த்துச் செய்யுங்கள். தடை இருந்தால் இதிலேயே பட்டை வந்துவிடும். வரவில்லையென்றால் விபி6 அல்லது என்எஸ்பி3 மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையால் ரோட்டா உண்மையிலேயே இருக்கிறதா பாருங்கள். எலிசா பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும். ரோட்டா இருந்தால் மூன்றாம் குழாயிலிருந்து புதிதாக ஆர்என்ஏ பிரித்து, சூடாக்கும் படியைக் கவனமாகச் செய்யுங்கள்.

முதல் சுற்று வந்து இரண்டாம் சுற்று வரவில்லையென்றால் வைரஸ் நன்றாகவே இருக்கிறது. வகைப் பிரைமர் ஒட்டும் இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது, அல்லது உங்கள் கலவையில் அந்த வகைக்குப் பிரைமரே இல்லை. மேலே தந்த பட்டியலில் ஜி12 இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் சுற்றுத் துண்டை வரிசை படிக்க அனுப்புங்கள்.

இரண்டாம் சுற்றில் ஒட்டும் வெப்பத்தைக் குறைத்துப் பட்டை வரவழைப்பது வேண்டாம். பிரைமர் தவறான வகையிலும் ஒட்டி, தெளிவான பொய்ப் பட்டையைத் தரும். காலியாக விட்ட கட்டத்தைவிட அது மோசம்.

13. அறிக்கையில் எழுத வேண்டியவை

எத்தனை மாதிரி எடுத்தீர்கள், எத்தனை எலிசா பாசிட்டிவ், அதில் எத்தனைக்கு ஜி, எத்தனைக்கு பி, எத்தனைக்கு இரண்டும் கிடைத்தன என்று தனித்தனியாக எழுதுங்கள். சதவீதத்துக்கு வகுக்கும் எண் எது என்பதைப் பக்கத்திலேயே போடுங்கள். ஜி மட்டும் கிடைத்ததை ஜி1பி[?] என்று எழுதலாம், பி[8] என்று நிரப்பக் கூடாது. பகுதி வகை கிடைத்தவையும் முற்றிலும் கிடைக்காதவையும் வேறு வேறு வரிசைகள்.

சமவெளி மாதிரியும் மலை மாதிரியும் ஒரே அட்டவணையில் இருந்தாலும் தனி நெடுவரிசையில் இருக்கட்டும். மலையில் எண்ணிக்கை சிறிதாக இருக்கும். பத்துப் பதினைந்து குழந்தைகளை வைத்து "ஏற்காட்டில் ஜி3 அதிகம்" என்று தலைப்பிட வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள். கிராமத்தின் பெயரும் வயதும் தேதியும் ஒரே வரியில் சேர்ந்தால் சிறு மலைக் கிராமத்தில் எந்த வீட்டுக் குழந்தை என்று தெரிந்துவிடும். வெளியிடும் பிரதியில் மாதமும் வட்டாரமும் போதும்.